பேட்டரி இம்பாக்ட் ரெஞ்ச்: கார் வேலைக்கு எதை வாங்கலாம்?

இம்பாக்ட் ரெஞ்ச் என்பது உள்ளுக்குள் சுத்தியல் மாதிரி அடித்தடித்து நட்டைக் கழற்றும், முறுக்கும் கன். போன மாதம் மட்டும் மூன்று பேர் இதே கேள்வியோடு வந்தார்கள். ஒருவர் பொள்ளாச்சி ரோட்டில் புதிதாக ஷெட் போட்டிருக்கும் தம்பி. இன்னொருவர் டயர் கடைக்காரர். கடையில் கம்ப்ரஸர் இருக்கிறது, ஆனால் வழியில் நின்றுபோன வண்டிக்குக் கையோடு எடுத்துப்போக ஏதாவது வேண்டும் என்கிறார். மூன்றாமவர் வங்கி ஊழியர். தன் ஐ20-க்கு பிரேக் பேடு மாற்றுவது, வீல் கழற்றி மாட்டுவது எல்லாம் வீட்டு போர்டிகோவிலேயே செய்துகொள்கிறவர். மூவரும் செல்போனில் காட்டிய படம் ஏறத்தாழ ஒன்றுதான். பெட்டி மேல் கொட்டை எழுத்தில் 800, 1200, 1500 என்று ஒரு டார்க் எண், அதாவது முறுக்கும் பலத்தின் அளவு. "அண்ணே, நம்பர் பெருசா இருக்கே, வாங்கிடட்டுமா?"

அந்த நம்பரை வைத்து முடிவெடுக்காதீர்கள் என்றுதான் மூவருக்கும் சொன்னேன். தினமும் நீங்கள் எந்த நட்டைக் கழற்றுகிறீர்கள், மூன்று வருடம் கழித்து அந்தக் கன்னுக்கு பேட்டரி கிடைக்குமா, இந்த இரண்டும் தெரிந்தால் முக்கால்வாசி முடிவு வந்துவிடும்.

## முதலில் எதைப் பார்க்க வேண்டும்

நட்டு. மாருதி சுசூகியின் சிறு கார்களில் வீல் நட்டுக்கு 85 முதல் 100 நியூட்டன் மீட்டர் போதும். டொயோட்டாவில் பல மாடல்களுக்கு 103. ஹூண்டாயில் 107 முதல் 127. ஃபோக்ஸ்வேகன் போலோவில் நட்டுக்குப் பதில் போல்ட், அதற்கு 120. ஆக, வீல் வேலை என்றால் எல்லாம் நூறை ஒட்டித்தான். முன் ஆக்சில் நட்டுக்கு வந்தால் 200-ஐ ஒட்டியோ தாண்டியோ போகும். ஹோண்டா கிராங்க் புல்லி போல்ட் பழைய வண்டியில் எப்படிப் பிடித்திருக்கும் என்பது அதைக் கழற்றியவர்களுக்குத் தெரியும். லாரி வீல் நட்டு 500-க்கு மேல், அது வேறு உலகம்.

நூறு நியூட்டன் மீட்டர் என்றால் எவ்வளவு என்று கையால் தெரிந்துகொள்ளலாம். 30 சென்டிமீட்டர் எல் ஸ்பேனரின் நுனியில் சுமார் 34 கிலோ அழுத்தம். நல்ல உடம்புள்ள ஆள் ஒரு கையால் அழுத்தினால் வந்துவிடும். அதே ஸ்பேனரில் 500 வேண்டுமென்றால் 170 கிலோ. இரண்டு பேர் ஏறி நிற்க வேண்டும்.

கழற்றும் எண், முறுக்கும் எண். நல்ல கம்பெனிகள் இரண்டையும் தனித்தனியாகக் கொடுக்கின்றன. போஷ் ஜிடிஎஸ் 18வி-300 முறுக்கும்போது 300, கழற்றும்போது 500. மகிட்டா டிடிடபிள்யூ300 முறுக்க 330, கழற்ற 580. பெட்டியில் ஒரே ஒரு பெரிய எண் மட்டும் இருந்தால் அது எந்த எண் என்று கேளுங்கள், பெரும்பாலும் பதில் வராது. இன்னொன்று, இந்த எண்கள் சுத்தமான புது போல்ட்டில் அளந்தவை. சென்னைக் கடற்கரைப் பக்கமோ தூத்துக்குடிப் பக்கமோ ஓடிய வண்டியில் துருப்பிடித்த போல்ட்டுக்கு அந்தக் கணக்கு செல்லாது. 500 போட்ட கன் அங்கே 300 போட்டது மாதிரி திணறும். அதனால் உங்கள் தேவையைப் போல இரண்டு மடங்கு கழற்றும் பலம் கையில் இருக்கட்டும்.

தலை நீளமும் எடையும். சஸ்பென்ஷன் போல்ட்டுக்கும் உள் ஃபெண்டருக்கும் நடுவே எவ்வளவு இடம் இருக்கும் என்பதை யோசித்துப் பாருங்கள். ஐந்து சென்டிமீட்டர் வித்தியாசம் அங்கே பெரிய வித்தியாசம்.

வேகக் கட்டுப்பாடு. குறைந்தது மூன்று நிலை வேண்டும். ரிவர்ஸில் நட்டு லூஸானதும் தானே நிற்கும் வசதி இருந்தால் நல்லது. நட்டு பறந்துபோய் காருக்கடியில் விழாது.

பேட்டரியும் சர்வீஸும். இதைக் கடைசியில் சொல்கிறேன் என்றாலும் செலவில் இதுதான் முதலில் நிற்கும்.

## நாலாயிரம் ரூபாய் கன்

4,000 முதல் 6,000 ரூபாய்க்கு இரண்டு பேட்டரி, சார்ஜர், நாலு சாக்கெட், பிளாஸ்டிக் பெட்டியோடு வந்துவிடும். மேலே 48, 88, 128 என்று வோல்ட் மாதிரி ஏதோ எழுதியிருக்கும். பேட்டரியைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே வரிசையாக ஐந்து லித்தியம் செல். ஒரு செல்லின் சராசரி 3.6 வோல்ட், ஐந்துக்கு 18. முழு சார்ஜில் 4.2 வீதம் 21. அவ்வளவுதான் அந்த 128-இன் கதை. டிவால்ட் 20 வோல்ட் மேக்ஸ் என்று போடுவதும் இதே ஐந்து செல்தான், ஆனால் அவர்கள் முழு சார்ஜ் கணக்கைச் சொல்கிறார்கள், இல்லாத வோல்ட்டைச் சொல்லவில்லை.

இதில் மோட்டார் சில சமயம் நன்றாகவே இருக்கிறது. அதைச் சொல்லியாக வேண்டும். சிக்கல் செல்லில். இம்பாக்ட் ரெஞ்ச் ஒரே நொடியில் நிறைய ஆம்பியர் இழுக்கும். மலிவு செல் அதைக் கொடுக்க முடியாமல் வோல்ட்டேஜ் இறங்கிவிடும், சுத்தியல் அடி மெலிந்துவிடும். முதல் மாதம் வீல் நட்டெல்லாம் பறக்கும். ஆறாவது மாதம் அதே நட்டுக்கு "டர்ர்" என்று சத்தம் மட்டும் வரும். என் ஷெட்டில் இப்படி ஒன்று கிடக்கிறது. வாங்கின கடையில் கேட்டால் அந்த மாடலே இப்போது வருவதில்லை என்றார்கள்.

ஒரு வசதி உண்டு. இவற்றில் பல, மகிட்டா அச்சு பேட்டரி பொருந்தும்படி செய்யப்பட்டிருக்கின்றன. ஏற்கெனவே அசல் மகிட்டா பேட்டரி வைத்திருப்பவர் கன்னை மட்டும் வாங்கிப் போட்டு ஓட்டலாம். அதே அச்சில் வரும் போலி பேட்டரியை மட்டும் தொடாதீர்கள். ஒவ்வொரு செல்லையும் தனியே கண்காணிக்கும் சர்க்யூட் சிலவற்றில் இருப்பதே இல்லை. இரவு சார்ஜில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகும் பழக்கம் நமக்கு உண்டு, அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

யாருக்கு ஏற்றது: வருடத்தில் நாலைந்து முறை சொந்தக் கார் வீலைக் கழற்றுகிறவருக்கு. தொழிலுக்கு வேண்டாம்.

## நடுத்தர 18 வோல்ட், அரை இஞ்ச்

மேலே சொன்ன போஷ் 300, மகிட்டா 300 போன்றவை இந்த வகை. அரை இஞ்ச் என்பது சாக்கெட் மாட்டும் சதுர மூக்கின் அளவு. கழற்ற 500 முதல் 600. மகிட்டாவின் தலை நீளம் 14.4 சென்டிமீட்டர்தான், உள்ளங்கை அகலத்தைவிடக் கொஞ்சம் அதிகம். பேட்டரியோடு சேர்த்தாலும் படுத்துக்கொண்டு ஒரு கையால் பிடித்து வேலை செய்யலாம்.

கார் வேலையில் பத்துக்கு ஒன்பது போல்ட் இதிலேயே முடிந்துவிடும். வீல், காலிப்பர் பிராக்கெட், ஸ்ட்ரட் போல்ட், லோயர் ஆர்ம், சிறு கார்களின் ஆக்சில் நட்டு எல்லாம். ஆக்சில் நட்டின் விளிம்பை உளியால் தட்டி மடித்திருப்பார்கள், அதை முதலில் நிமிர்த்திவிட்டுக் கன்னை வையுங்கள். இல்லையென்றால் ஆக்சிலின் திரெட் போய்விடும். திரும்ப மாட்டும்போது புது நட்டுப் போட்டு டார்க் ரெஞ்சில் (சொன்ன அளவுக்கு மட்டும் முறுக்க உதவும் கை ஸ்பேனர்) முறுக்குங்கள்.

எங்கே திணறும்? பத்து வருடம் கழற்றாத பின் ஆக்சில் போல்ட், துருவேறிய சப்ஃபிரேம் போல்ட், கிராங்க் புல்லி. அங்கே முந்தைய நாளே துரு இளக்கும் ஸ்பிரே அடித்துவைத்து, முதல் அசைவை சாக்கெட் மாட்டும் நீளக் கம்பியால் கொடுத்துவிட்டு, மீதியைக் கன்னிடம் விடலாம். எக்ஸ்டென்ஷன் போட்டுக் கழற்றுகிறவர்கள் கவனிக்க வேண்டும்: நீளமான மெல்லிய எக்ஸ்டென்ஷன் ஸ்பிரிங் மாதிரி முறுக்கிக்கொள்ளும், அடியின் பலத்தைத் தானே தின்றுவிடும். குட்டையானதை, தடிமனானதைப் போடுங்கள்.

விலையில் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. "டூல் மட்டும்" என்று போட்டிருப்பது பேட்டரி, சார்ஜர் இல்லாத விலை. கன் 15,000 சுற்றில் கிடைக்கலாம், ஆனால் 5 ஆம்பியர் ஹவர் (பேட்டரியின் கொள்ளளவு) பேட்டரி ஒன்றே அதில் பாதியைத் தொட்டுவிடும், இரண்டு வேண்டும், சார்ஜர் தனி. எனவே கன்னுக்கு ஆகும் பணம் அளவுக்கு இன்னொரு மடங்கு ஒதுக்கிவையுங்கள். 2 ஆம்பியர் ஹவர் பேட்டரியைப் போட்டு மிச்சம் பிடிக்கலாம் என்று நினைக்காதீர்கள். அதில் ஒரு வரிசை செல்தான், 4, 5 ஆம்பியர் ஹவரில் இரண்டு வரிசை. ஒரு வரிசை கொடுக்கும் கரண்டில் கன்னின் முழு பலம் வராது.

## பெரிய 18 வோல்ட்

மகிட்டா டிடிடபிள்யூ1002 முறுக்க 1000, கழற்ற 1600. டிவால்ட் டிசிஎஃப்899 ஏறத்தாழ அதே அளவு. இதைக் கையில் பிடித்து ஒரு துருப்பிடித்த போல்ட்டைக் கழற்றியவருக்கு வேறெதுவும் பிடிக்காது, அது உண்மை. எஸ்யூவி, பிக்கப், டெம்போ டிராவலர், டிராக்டர் என்று கலந்து பார்க்கும் ஷெட்டுக்கு இது வேண்டும்.

ஆனால் பேட்டரியோடு மூன்றரைக் கிலோ வரும். காலையில் தெரியாது. சாயங்காலம் நாலு மணிக்கு, லிப்ட்டுக்குக் கீழே கையைத் தலைக்கு மேல் தூக்கி வேலை செய்யும்போது மணிக்கட்டில் தெரியும். தலையும் நீளம், வீல் வளைவுக்குள் பல இடத்தில் நுழையாது.

எனக்குப் பெரிய கவலை வேறு. இதைக் கையில் வைத்திருக்கும் பையன் அதே வேகத்தில் வீல் நட்டை முறுக்கிவிடுவான். போன வருடம் ஒரு குடும்பம் உடுமலை ரோட்டில் இரவு பத்து மணிக்கு பஞ்சராகி நின்றது. ஸ்டெப்னி இருக்கிறது, ஜாக்கி இருக்கிறது, நட்டு அசையவில்லை. வண்டி ஓட்டி வந்தவர் எல் ஸ்பேனர் மேல் ஏறி நின்றிருக்கிறார், ஸ்பேனர் வளைந்துவிட்டது. நான் போய் நீளக் கம்பி போட்டு "டக்" என்று லூஸ் செய்தபின் நட்டைக் கையால் சுற்றிப் பார்த்தேன். ஸ்டட் என்பது நட்டு ஏறும் திரெட் போட்ட கம்பி. நல்ல ஸ்டட்டில் நட்டு விரலாலேயே கடைசிவரை ஓடி வரும். அன்றைக்கு நாலு நட்டில் இரண்டு நடுவழியில் இறுகி நின்றன. ஸ்டட் நீண்டு திரெட்டின் இடைவெளி மாறிவிட்டது என்று அர்த்தம். அப்படி நீண்ட ஸ்டட் எந்த நாளும் முறியலாம். பின் சீட்டில் ஒரு குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. யாரோ ஒருவர் இரண்டு நொடி அதிகமாக டிரிகரைப் பிடித்த வேலை அது.

பெரிய கன் வாங்கினால், கூடவே டார்க் ரெஞ்சும் வாங்குங்கள். இது நடுத்தரக் கன்னுக்கும் பொருந்தும். கன்னால் மெதுவான நிலையில் நட்டு உட்காரும்வரை ஓட்டி, கடைசி முறுக்கை டார்க் ரெஞ்சில் நட்சத்திர வரிசையில், அடுத்தடுத்த நட்டாக இல்லாமல் எதிரெதிராக, கொடுக்க வேண்டும். ஒருபக்கமாக அதிகம் இறுகினால் பிரேக் டிஸ்க் கோணலாகி பெடல் நடுங்கும். வாடிக்கையாளர் டிஸ்க் கெட்டுப்போச்சு என்று இன்னொரு ஷெட்டுக்குப் போய்விடுவார்.

## ஏர் கன்

கோவையின் எல்ஜி கம்ப்ரஸர் இல்லாத ஷெட்டை எங்கள் பக்கம் பார்ப்பது அரிது. அது ஏற்கெனவே இருந்தால் அரை இஞ்ச் ஏர் கன் சில ஆயிரத்தில் வந்துவிடும். பேட்டரி தேய்கிற கவலை இல்லை, நாள் முழுக்க அடித்தாலும் சூடாகாது, எண்ணெய் சொட்டு விட்டுக்கொண்டே இருந்தால் பத்து வருடம் உழைக்கும். ஒரு நாளைக்கு நாற்பது வீல் கழற்றும் டயர் கடைக்கு இன்றும் இதுதான் சரி.

மறைந்திருக்கும் செலவு காற்றில் இருக்கிறது. கன் வாயில் காற்றழுத்தம் 90 பி.எஸ்.ஐ. வர வேண்டும். நீளமான ஒல்லிக் குழாய் போட்டால் கம்ப்ரஸர் மீட்டரில் 120 காட்டும், கன்னில் அடியே இருக்காது. கழற்ற முடியவில்லை என்று கன்னைத் திட்டுபவர்கள் முதலில் குழாயின் உள்விட்டத்தைப் பாருங்கள், பத்து மில்லிமீட்டராவது வேண்டும். தினமும் காலையில் டாங்கிலிருந்து தண்ணீரை வடிக்க வேண்டும், மழைக்காலத்தில் இரண்டு முறை. வடிக்காத தண்ணீர் கன்னுக்குள் போய் துருப்பிடிக்கும்.

கரண்டையும் பார்த்துவிடலாம். 2 எச்.பி. மோட்டார் ஒரு மணி நேரம் ஓடினால் ஒன்றரை யூனிட். 18 வோல்ட், 5 ஆம்பியர் ஹவர் பேட்டரியில் மொத்தமே 90 வாட் ஹவர்தான், பத்து முறை நிரப்பினாலும் ஒரு யூனிட்டை ஒட்டித்தான் வரும். கம்ப்ரஸர் இல்லாதவர், நட்டு கழற்றுவதற்காக மட்டும் ஒன்று வாங்குவது வீண்.

வயர் போட்ட இம்பாக்ட் ரெஞ்சையும் சிலர் கேட்கிறார்கள். மகிட்டா டிடபிள்யூ0350 மாதிரி 350 நியூட்டன் மீட்டர் கன் நன்றாகவே உழைக்கும், பேட்டரிச் செலவு கிடையாது. கரண்ட் போனால் நின்றுவிடும், வயர் காருக்கடியில் சிக்கும். போர்டிகோவில் பிளக் பாயிண்ட் பக்கத்திலேயே இருந்தால் யோசிக்கலாம்.

## ஒரே பார்வையில்

| | மலிவு கன் | நடுத்தர 18 வோல்ட் | பெரிய 18 வோல்ட் | ஏர் கன் |
|---|---|---|---|---|
| கழற்றும் பலம் | எழுதியதை நம்ப முடியாது | 500–600 | 1600 அளவில் | காற்றைப் பொறுத்தது |
| குறுகிய இடம் | சுமார் | நன்று | கடினம் | நடுத்தரம், குழாய் இடிக்கும் |
| வழியில் நின்ற வண்டிக்கு | போகும் | மிக நன்று | நன்று, கனம் | முடியாது |
| மறைந்த செலவு | ஒரு வருடத்தில் பேட்டரி | இரண்டாவது பேட்டரி, சார்ஜர் | அதோடு முறிந்த ஸ்டட் | கம்ப்ரஸர், கரண்ட் |

## எல்லோருக்கும் பொதுவான செலவு

பளபளக்கும் குரோம் சாக்கெட்டை இம்பாக்ட்டில் போடாதீர்கள். அது கையால் முறுக்கச் செய்தது, கடினமாக இருக்கும், அடி தாங்காமல் சிதறும். எங்கள் பையன் ஒருவன் அவசரத்துக்கு 19 குரோம் சாக்கெட்டைப் போட்டு அடித்தான். கண்ணாடித் துண்டு மாதிரி ஒரு சில்லு கன்னத்தில், கண்ணுக்கு ஒரு விரல் தூரத்தில் குத்தி நின்றது. அன்றிலிருந்து குரோம் சாக்கெட்டெல்லாம் தனி டிராயரில். இம்பாக்ட்டுக்கு என்று வரும் கறுப்பு சாக்கெட்டில் 17, 19, 21 மூன்றும் வாங்கினால் பெரும்பாலான கார்களின் வீல் முடிந்தது. மாருதி, ஹோண்டாவுக்கு 19, ஹூண்டாய், டொயோட்டாவுக்கு 21, ஃபோக்ஸ்வேகன், ஸ்கோடாவுக்கு 17. அலாய் வீல் என்றால் பிளாஸ்டிக் உறை போட்ட மெல்லிய சாக்கெட். கண்ணுக்குக் கண்ணாடி.

பேட்டரியை மே மாத வெயிலில் டிக்கியில் போட்டுவைக்காதீர்கள். கொதிக்கும் பேட்டரியை சார்ஜரில் மாட்டினால் நல்ல சார்ஜர் ஏற்றவே மறுக்கும், ஆறட்டும் என்று காத்திருக்கும். மலிவு சார்ஜர் ஏற்றிவிடும், செல் சீக்கிரம் சாகும். பத்துப் பதினைந்து நாள் எடுக்கப்போவதில்லை என்றால் பாதி சார்ஜில் நிழலில் வையுங்கள். ஆயில் டிரெய்ன் பிளக், ஸ்பார்க் பிளக் பக்கம் எந்தக் கன்னையும் கொண்டுபோகாதீர்கள். 40 நியூட்டன் மீட்டருக்குள் முடியும் வேலைக்கு அலுமினியத்தில் கன்னை வைத்தால் திரெட் உரிந்து வந்துவிடும்.

## மூவருக்கும் நான் சொன்னது

ஷெட் தம்பிக்கு நடுத்தர 18 வோல்ட், இரண்டு 5 ஆம்பியர் ஹவர் பேட்டரி, கூட ஒரு டார்க் ரெஞ்ச். டிரில், கிரைண்டர் என்று அடுத்து வாங்குவதெல்லாம் அதே கம்பெனி அதே பேட்டரியில் இருக்கட்டும். எந்தக் கம்பெனி என்று கேட்டான். கோவையில் எதன் சர்வீஸ் சென்டருக்கு உன்னால் பைக்கில் போய்வர முடியுமோ அது, என்றேன். எஸ்யூவி வேலை வளர்ந்தபின் அதே பேட்டரியில் பெரிய கன் சேர்த்துக்கொள்ளலாம், அப்போது கன்னுக்கு மட்டும் காசு.

டயர் கடைக்காரர் ஏர் கன்னை விட வேண்டாம். வெளியே போக ஒரு நடுத்தரக் கன், அவ்வளவே.

வங்கிக்காரருக்குப் பேட்டரி கன்னே அவசியமில்லை என்று சொன்னேன். அரை இஞ்ச் நீளக் கம்பி, 21 சாக்கெட், டார்க் ரெஞ்ச் இவை போதும், எல்லாம் சேர்ந்து அந்த மலிவு கன்னின் விலையை ஒட்டித்தான் வரும். "இல்லண்ணே, ஆசையா இருக்கு" என்றார். சரி, ஆசைக்கு வாங்கினாலும் நடுத்தரத்தையே வாங்குங்கள் என்றேன்.

கடைக்குப் போகும்போது உங்கள் 21 கறுப்பு சாக்கெட்டைக் கையோடு எடுத்துப்போங்கள். கன் மூக்கில் மாட்டி அசைத்துப் பாருங்கள். வளையம் பிடிக்கும் வகையா, குத்தூசி மாதிரி பின் பிடிக்கும் வகையா என்று கவனியுங்கள். வளையத்தில் சாக்கெட்டை ஒரே இழுப்பில் எடுக்கலாம், நாளாக நாளாகப் பிடிப்பு தளரும், வளையத்தை மாற்றிக்கொள்ளலாம். பின் வகையில் சாக்கெட் கழன்று விழாது, ஆனால் எடுக்க ஒவ்வொரு முறையும் அந்தப் பின்னை அழுத்த வேண்டும். கிரீஸ் கையோடு அது எரிச்சல் தரும் வேலை. கீழ்நிலையில் டிரிகரை மெல்ல அழுத்திப் பாருங்கள், விரலுக்கு ஏற்றபடி மெதுவாகச் சுற்ற வேண்டும், திடீரென்று பாயக்கூடாது. அப்புறம் பில்லில் கன்னின் சீரியல் எண்ணையும் பேட்டரியின் சீரியல் எண்ணையும் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். வாரண்டி கேட்கப் போகும் நாளில் பேட்டரிக்குத்தான் முதலில் அந்த எண்ணைக் கேட்பார்கள்.